இணையவழி உயர்நிலைப் பள்ளியும் உயர்மட்டப் பாடங்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்காண்டுப் படிப்பு உயர்நிலைப் பள்ளிப் படிப்பு எனப்படுகிறது. இப்படிப்பின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ பள்ளிக் கட்டடத்துக்குச் செல்லாமல் இணையம் வழியாகவே முடிக்கும் முறை அந்நாட்டில் முப்பது ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. கொரோனாக் காலத்தில் அவசரமாகத் தொடங்கப்பட்ட இணைய வகுப்புகளை மட்டுமே கண்டவர்கள், இணையவழிப் பள்ளி என்றவுடன் கைப்பேசித் திரையில் ஓடிய அந்த வகுப்புகளையே நினைப்பது இயல்பு. ஆயினும் முன்கூட்டியே திட்டமிட்டு, அதற்கென ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, பாடங்களையும் தேர்வுகளையும் அதற்கேற்ப வகுத்து நடத்தப்படும் இணையவழிப் பள்ளியை அந்த அவசர ஏற்பாட்டோடு ஒன்றாக எண்ணினால் இரண்டைப் பற்றியும் தவறான முடிவுக்கே வர நேரும்.

இணையவழிப் பள்ளியில் ஒரு மாணவர் நன்கு தேறுவதற்கு எவை துணை செய்கின்றன என்பதும், அத்தகைய பள்ளி திறந்து வைக்கும் உயர்மட்டப் பாடங்களை அவர் எவ்வாறு தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்ளும் இரண்டு வினாக்கள். இவ்விரண்டும் தனித்தனி வினாக்களாகத் தோன்றினாலும் அவற்றின் விடைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தன் ஊர்ப் பள்ளியில் கற்பிக்க ஆளில்லாத ஒரு பாடத்தை, அதற்கு ஆயத்தமாக உள்ள மாணவருக்குக் கொண்டுசேர்ப்பதே இணையவழிக் கல்வியின் தலையாய பயன். வசதியும் ஓய்வும் அதற்கு அடுத்தபடியாக வருபவையே. ஆனால் பள்ளிக் கட்டடம் சத்தமின்றிச் செய்துவந்த வேலைகளை வேறு யாரேனும் முன்வந்து செய்யாவிட்டால் அந்தப் பயன் கைகூடுவதில்லை என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

தோற்றமும் காரணமும்

பள்ளிக்கு வராத மாணவருக்குப் பாடம் அனுப்புவது இணையத்தோடு பிறந்த வழக்கமன்று. நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1929இல் அஞ்சல்வழி உயர்நிலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, சிற்றூர்களில் கிடைக்காத பாடங்களைக் கடித உறையில் அனுப்பிவந்தது. அதற்கும் முன்பாக, 1923இல், மிச்சிகன் மாநிலத்தின் பென்டன் ஹார்பர் நகரப் பள்ளி அஞ்சல்வழிப் பாடங்களை மாணவர்கள் பள்ளியிலேயே அமர்ந்து, ஒருவரது மேற்பார்வையில் படிக்கும்படி ஏற்பாடு செய்திருந்தது. பாடம் எங்கிருந்தோ வரலாம், ஆனால் படிப்பவரின் அருகில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்னும் அந்தப் பழைய அறிவு பின்னர் வந்த பல முயற்சிகளில் மறக்கப்பட்டது.

இணையக் காலத்தில் யூட்டா மாநிலம் 1994இல் மின்னணு உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. 1997இல் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்ட பள்ளி, இன்று ஃபுளோரிடா வர்ச்சுவல் ஸ்கூல் என்ற பெயரில் மாநிலம் முழுவதற்கும் உரிய அரசுப் பள்ளியாக இயங்குகிறது. பாடத்தை எடுத்த மாணவர் அதை வெற்றிகரமாக முடித்தால்தான் அப்பாடத்துக்கான அரசு நிதி அப்பள்ளிக்குக் கிடைக்கும் என்பது அதன் தனிச்சிறப்பான ஏற்பாடு. சேர்க்கை எண்ணிக்கையைக் காட்டி நிதி பெறும் பள்ளிக்கும், முடித்தவர் எண்ணிக்கையைக் காட்டி நிதி பெறும் பள்ளிக்கும் மாணவரைப் பின்தொடர்ந்து பேணுவதில் எவ்வளவு வேறுபாடு உண்டாகும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இப்பள்ளிகள் தோன்றியதற்கான காரணத்தைப் புள்ளிவிவரம் ஒன்று தெளிவாக்குகிறது. அமெரிக்கக் கல்வித்துறையின் குடிமை உரிமைகள் பிரிவு 2015–16ஆம் கல்வியாண்டுக்குத் திரட்டிய தரவுகளின்படி, நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழப் பாதியில் மட்டுமே நுண்கணிதம் கற்பிக்கப்பட்டது. இயற்பியல்கூட ஐந்தில் மூன்று பள்ளிகளில்தான் இருந்தது. கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் மிகுந்த பள்ளிகளில் நுண்கணிதம் கிடைக்கும் அளவு இன்னும் குறைவு. பொறியியலோ பொருளியலோ படிக்க விரும்பும் மாணவர் ஒருவர், தான் பிறந்த ஊரின் காரணமாகவே அந்தக் கதவு மூடியிருக்கக் காண்பது பெரும் அநீதி. நான்கு மாணவர்களுக்காக ஒரு நுண்கணித ஆசிரியரை நியமிக்க இயலாத முப்பது சிற்றூர்ப் பள்ளிகளின் மாணவர்களை ஒரே ஆசிரியரிடம் சேர்க்க வழி செய்வதே இணையவழிப் பள்ளியின் நியாயம்.

தொலைவு என்பது எதைக் குறிக்கிறது

தொலைநிலைக் கல்வியைப் பற்றி எழுந்த கோட்பாடுகளில் மைக்கேல் மூர் 1970களில் வகுக்கத் தொடங்கிய கோட்பாடு இன்றளவும் பயன்மிக்கது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான கல்வித் தொலைவை மைல் கணக்கில் அளக்க முடியாது என்பதும், அது மூன்று கூறுகளால் அமைகிறது என்பதும் அவர் கருத்து. முதற்கூறு உரையாடல், அதாவது மாணவர் கேட்பதற்கும் ஆசிரியர் மறுமொழி சொல்வதற்கும் உள்ள வாய்ப்பு. இரண்டாவது கட்டமைப்பு, அதாவது பாடத்தின் வரிசையும் கெடுவும் தேர்வும் எவ்வளவு இறுக்கமாக முன்பே வகுக்கப்பட்டுள்ளன என்பது. மூன்றாவது தன்னாட்சி, அதாவது என்ன படிப்பது, எப்போது படிப்பது என்பதைத் தானே தீர்மானித்து நடத்திக்கொள்ள மாணவரிடம் உள்ள ஆற்றல். உரையாடல் குறைந்த இடத்தில் தன்னாட்சி மிகுதியாகத் தேவைப்படும். தன்னாட்சி இன்னும் முதிராத பதினைந்து வயது மாணவருக்கு உரையாடலை மிகுதியாக்கித் தர வேண்டும் என்பதே இக்கோட்பாட்டிலிருந்து பள்ளிகள் பெறவேண்டிய பாடம். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையின் கடைசி வரிசையில் ஆண்டு முழுவதும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் இருந்துவிடும் மாணவர், வாரந்தோறும் ஆசிரியருடன் இணையத்தில் பேசும் மாணவரைவிட அதிகத் தொலைவில் இருக்கிறார் என்று கொள்வதற்கும் இக்கோட்பாடு இடம் தருகிறது.

இணையவழிப் பள்ளிகள் இரு வகையாகப் பிரிவதை இதன் துணையால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு வகையில் ஆசிரியரும் மாணவர்களும் குறித்த நேரத்தில் திரையில் கூடுகின்றனர். இது நேரலை வகுப்பு. மற்றொரு வகையில் காணொளியும் பாடக்குறிப்பும் பயிற்சியும் தளத்தில் காத்திருக்க, மாணவர் தமக்கு உகந்த நேரத்தில் அவற்றைப் படித்து ஒப்படைவுகளை அனுப்புகிறார்; இது தன்வேக முறை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்து 2006இல் தொடங்கிய ஸ்டான்ஃபோர்டு ஆன்லைன் உயர்நிலைப் பள்ளி முதல் வகைக்குச் சான்று. கணினியைக் கொண்டு கற்பிப்பது பற்றி அப்பல்கலைக்கழகத்தில் 1960களிலிருந்தே ஆய்வு செய்துவந்த பாட்ரிக் சப்பிஸின் முயற்சிகளிலிருந்து கிளைத்த இப்பள்ளியில், சிறு குழுக்களாக நடக்கும் கருத்தரங்கு வகுப்புகளே படிப்பின் முதுகெலும்பு; கணிதத்திலும் அறிவியலிலும் சிறந்தவரானாலும் மெய்யியல் பாடங்களையும் படித்தாக வேண்டும். ஃபுளோரிடா பள்ளியின் பகுதிநேரப் பிரிவு இரண்டாம் வகையைச் சார்ந்தது. எனினும் அங்கும் ஒவ்வொரு பாடப்பகுதியின் முடிவிலும் மாணவர் ஆசிரியரோடு நேரடியாகப் பேசியாக வேண்டும் என்ற விதி இருக்கிறது; கலந்துரையாடல்வழி மதிப்பீடு எனப்படும் அந்த உரையாடலில், தான் எழுதி அனுப்பியதை மாணவர் தம் சொற்களில் விளக்கிக் காட்டும்போது, அது அவரே எழுதியதா என்பதும் அவருக்கு உண்மையில் புரிந்திருக்கிறதா என்பதும் ஒருசேரத் தெரிந்துவிடுகின்றன.

ஆய்வுகள் காட்டுபவை

இணையவழிக் கல்வியின் பயனைப் பற்றி ஒன்றுக்கொன்று முரண்படுவன போலத் தோன்றும் மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அம்முரண்பாட்டின் அடியில் ஓர் ஒழுங்கு இருப்பது புலனாகும்.

முதல் ஆய்வு ஜெசிக்கா ஹெப்பனும் அவருடைய குழுவினரும் மெய்ன், வெர்மான்ட் ஆகிய மாநிலங்களின் பெரும்பாலும் சிற்றூர் சார்ந்த 68 பள்ளிகளில் நடத்தி, 2011இல் வெளியிட்டது. எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதம் படிக்கத் தகுதி பெற்றும் பள்ளியில் அப்பாடம் இல்லாததால் படிக்க இயலாதிருந்த மாணவர்களுக்கு அது இணையவழியில் கிடைக்கச் செய்யப்பட்டது. ஆண்டு முடிவில் அவர்களின் இயற்கணித அறிவு மற்றப் பள்ளிகளில் இருந்த அதே தகுதியுடைய மாணவர்களைவிட மேம்பட்டிருந்ததோடு, உயர்நிலைப் பள்ளியில் உயர்மட்டக் கணித வரிசையில் செல்லும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. இரண்டாம் ஆய்வும் ஹெப்பன் குழுவினருடையதே. சிகாகோ நகரில் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் தோற்ற மாணவர்கள் 2011, 2012 ஆம் ஆண்டுகளின் கோடை விடுமுறையில் அப்பாடத்தை மீண்டும் படித்தபோது, ஒரு பகுதியினர் இணையவழியிலும் மற்றவர் ஆசிரியரிடம் நேரிலும் படித்தனர். இணையவழியில் படித்தோர் பாடத்தைக் கூடுதல் கடினமாக உணர்ந்தனர். நேரில் படித்தோரைவிடக் குறைவானோரே தேர்ச்சி பெற்றனர். பாடம் ஒன்றே, இரு இடங்களிலும் மாணவர்கள் பள்ளியில் அமர்ந்துதான் படித்தார்கள், உடன் ஒரு பெரியவரும் இருந்தார். ஆயினும் ஆயத்தமாய் வந்தவருக்கு ஏணியாக அமைந்த முறை, அடிப்படையிலேயே தடுமாறியவருக்குத் துணையாகவில்லை.

மூன்றாவது ஆய்வை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ என்னும் ஆய்வு மையம் 2015இல் வெளியிட்டது. முழுநேர இணையவழிச் சார்ட்டர் பள்ளிகளில், அதாவது அரசு நிதியில் தனி நிர்வாகங்கள் நடத்தும் பள்ளிகளில் படித்த மாணவர்கள், ஒத்த பின்னணியுள்ள மற்ற மாணவர்களோடு ஒப்பிடப்பட்டனர். 180 நாள் கொண்ட ஒரு கல்வியாண்டில் அவர்கள் சராசரியாக வாசிப்பில் 72 நாள் கற்றலையும் கணிதத்தில் 180 நாள் கற்றலையும் இழந்திருந்தனர். கணிதத்தைப் பொறுத்தவரை ஓராண்டு முழுவதும் பள்ளிக்கே செல்லாததற்கு இது ஒப்பாகும். அதே ஆண்டில் மேத்தமேட்டிகா ஆய்வு நிறுவனம் இப்பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இதற்கான காரணத்தைக் கண்முன் நிறுத்துகிறது: வழக்கமான பள்ளியில் ஒரே நாளில் மாணவர் பெறும் நேரடிக் கற்பித்தல் அளவுகூட இப்பள்ளிகளில் ஒரு வாரம் முழுவதும் கிடைக்கவில்லை.

இவற்றை ஒருங்கே நோக்கினால் இணையம் என்ற ஊடகம் தானாக ஒருவரை உயர்த்துவதும் இல்லை, தாழ்த்துவதும் இல்லை என்பது விளங்கும். எடுக்கும் பாடத்துக்கு மாணவர் ஆயத்தமாக இருக்கிறாரா என்பதும், ஆசிரியரின் தொடர்பு போதிய அளவு கிடைக்கிறதா என்பதுமே முடிவைத் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டும் இல்லாத இடத்தில் பிள்ளையிடம் ஒரு மடிக்கணினியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது கல்வி கொடுத்ததாகாது.

கட்டடம் செய்துவந்த வேலைகள்

பள்ளிக் கட்டடம் மாணவருக்காக மூன்று வேலைகளைச் செய்கிறது: மணியடித்து நேரத்தைப் பகுக்கிறது, ஆசிரியரின் பார்வையில் மாணவரை வைக்கிறது, புரியாததை அன்றன்றே வெளிக்கொணர்கிறது. இணையவழி மாணவரின் தேர்ச்சி, இந்த மூன்று வேலைகளும் வீட்டில் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதைப் பொறுத்தது.

நேரத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு பாடத்தின் முழு ஆண்டு மதிப்பு கார்னகி அலகு என்னும் அளவையால் குறிக்கப்படுகிறது. கார்னகி அறக்கட்டளை 1906இல் வகுத்த இந்த அளவையின்படி ஓர் அலகு 120 மணி நேர வகுப்புக்குச் சமம். 36 வாரக் கல்வியாண்டில் இதைப் பகிர்ந்தால் ஒரு பாடத்துக்கு வாரம் மூன்று மணி இருபது நிமிடமும், ஆறு பாடங்களுக்கு வாரம் இருபது மணி நேரமும் ஆகும். வீட்டுப்பாடமும் தேர்வுக்கான படிப்பும் இதற்கு மேற்பட்டவை. இந்தக் கணக்கை முதல் நாளிலேயே காகிதத்தில் எழுதிப் பார்க்கும் மாணவர், தன்வேக முறை என்பது விருப்பப்பட்டபோது படிக்கும் முறையன்று என்பதை அறிந்துகொள்வார். தளம் காட்டும் கெடு பெரும்பாலும் பருவ இறுதியில் இருப்பதால், ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத்தின் எந்த நாள், எந்த மணி என்று தானே ஓர் அட்டவணை வகுத்து, அதை வீட்டார் காணும் இடத்தில் ஒட்டிவைப்பதே பள்ளி மணிக்கு ஈடாகும். மூன்று வாரம் பின்தங்கியவர் ஈடுகட்ட முயலும்போது அது ஒரு பாடத்தோடு நிற்பதில்லை. மற்றப் பாடங்களின் நேரத்தையும் அது தின்றுவிடுகிறது.

இரண்டாவது, பார்வை. மிச்சிகன் மாநிலம் 2013இல் கொண்டுவந்த சட்டப் பிரிவின்படி அங்குள்ள மாணவர்கள் பருவத்துக்கு இரண்டு இணையப் பாடங்கள் வரை எடுக்கலாம். அவ்வாறு எடுக்கும் மாணவருக்கு அவருடைய பள்ளி ஒரு வழிகாட்டியை அமர்த்தித் தருகிறது. நுண்கணிதத்தைக் கற்பிக்க அந்த வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரம் எங்கே நிற்கிறாய், எந்த ஒப்படைவு நிலுவையில் இருக்கிறது, ஆசிரியருக்கு எழுதிக் கேட்டாயா என்று தவறாமல் கேட்பதே அவர் பணி. பள்ளி இத்தகைய ஒருவரைத் தராத இடத்தில் தாயோ தந்தையோ, அத்தையோ மாமாவோ, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரோ வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் மாணவரோடு அமர்ந்து தளத்தின் மதிப்பெண் பக்கத்தை ஒன்றாகப் பார்த்தால் போதும். பாடம் தெரியாத பெற்றோரும் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய உதவி இது. தமக்கு ஆங்கிலமோ கணிதமோ வராது என்று ஒதுங்கிக்கொள்வதால் பிள்ளை இழப்பது மிகுதி.

மூன்றாவது வேலையே மிக நுட்பமானது. நுண்கணிதத்தின் உயர்மட்டப் பாடத்தில் முடிவிலாத் தொடர்கள் என்று ஒரு பகுதி வரும். ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று குறைந்துகொண்டே செல்லும் எண்களை முடிவின்றிக் கூட்டினால் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கி நிற்குமா என்ற வினா அதில் எழும். உறுப்புகள் சுழியத்தை நோக்கிச் செல்வதால் தொகையும் எங்கோ நின்றுவிடும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அத்தொகை எல்லையின்றிப் பெருகுகிறது. மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் அரைக்கு மேல். ஐந்தில் ஒன்று முதல் எட்டில் ஒன்று வரை சேர்ந்தாலும் அரைக்கு மேல். இவ்வாறு அரைக்கு மேற்பட்ட கூட்டங்கள் முடிவின்றி வந்துகொண்டே இருக்கும். காணொளியில் ஆசிரியர் இதை எழுதிக் காட்டும்போது மாணவருக்கு எல்லாம் தெளிவாகவே தோன்றும். மறுநாள் வெற்றுத்தாளை எடுத்து, ஏன் பெருகுகிறது என்று எழுதத் தொடங்கும்போதுதான் தெளிவு என்று தோன்றியது பழக்கத்தால் வந்த மயக்கம் என்பது தெரியும். வகுப்பறையில் ஆசிரியர் ஒரு மாணவரை எழுப்பிக் கேட்டவுடன் இம்மயக்கம் கலையும். வீட்டில் அதைக் கலைக்கும் பொறுப்பு மாணவர் கையிலேயே இருக்கிறது.

உளவியலர் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. ஒரு பத்தியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் நன்றாக எழுதினர். ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களோ ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் அவர்களை முந்தினர். காணொளியைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது படித்த நிறைவைத் தரும். பார்த்ததை மூடிவைத்து எழுதிப் பார்ப்பதே படிப்பைத் தரும். கல்வி உளவியலர் பாரி சிம்மர்மன் தன்னெறிக் கற்றலை மூன்று கட்டங்களாகப் பிரித்ததும் இங்கு நினைக்கத்தக்கது: படிக்கும் முன் இலக்கை வகுத்தல், படிக்கும்போது தன்னைத் தானே கண்காணித்தல், படித்தபின் எங்கே தவறினோம் என்று ஆராய்தல். இணையவழி மாணவர்களில் பலர் நடுக்கட்டத்தை மட்டுமே செய்கின்றனர். முதலும் கடைசியும் சேராவிட்டால் உழைப்பு மிகுந்தும் மதிப்பெண் குறைவதன் காரணம் அவர்களுக்குத் தெரியாமலே போகிறது.

உயர்மட்டப் பாடங்களின் வகைகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒரே பாடம் பல மட்டங்களில் கற்பிக்கப்படுகிறது. வழக்கமான மட்டத்துக்கு அடுத்தது ஹானர்ஸ் எனப்படுவது. அதே பாடத்திட்டத்தை ஆழமாகவும் விரைவாகவும் நடத்தும் இம்மட்டத்துக்குப் பொதுத்தேர்வு இல்லை, தரத்தை அந்தந்தப் பள்ளியே தீர்மானிக்கிறது. அதற்கு மேல் இரண்டு பெருவழிகள் உள்ளன.

முதலாவது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், சுருக்கமாக ஏ.பி. கல்லூரி முதலாண்டுப் பாடத்தின் தரத்தில் உயர்நிலைப் பள்ளியிலேயே கற்பித்து, நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வை மே மாதத்தில் நடத்தி, 1 முதல் 5 வரை மதிப்பெண் அளிக்கும் திட்டம் இது. ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியோடு 1950களின் தொடக்கத்தில் சோதனையாக எழுந்த இத்திட்டத்தை 1955 முதல் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு நடத்திவருகிறது. ஏ.பி. தேர்வில் பெறும் மதிப்பெண்ணுக்குக் கல்லூரி என்ன மதிப்பளிக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும்: ஃபுளோரிடாவின் அரசுக் கல்லூரிகள் 3 அல்லது அதற்கு மேல் பெற்றால் மாநிலம் வகுத்த குறைந்தபட்ச மதிப்பலகை அளிக்கின்றன, கால்டெக் என்னும் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகமோ எவ்வளவு பெற்றாலும் மதிப்பலகு தருவதில்லை. மதிப்பலகு என்பது பட்டம் பெற முடித்தாக வேண்டிய பாட அளவின் ஓர் அலகு; அது முன்கூட்டியே கிடைத்தால் கல்லூரியில் காலமும் கட்டணமும் மிச்சமாகும்.

இரண்டாவது இரட்டைச் சேர்க்கை. உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே உண்மையான கல்லூரிப் பாடத்தில் சேர்ந்து, ஒரே பாடத்தால் பள்ளிக்கும் கல்லூரிக்கும் மதிப்பலகு பெறும் முறை இது. 1985இல் மினசோட்டா மாநிலம் இதற்குச் சட்டம் இயற்றி வழிகாட்டியபின் பல மாநிலங்கள் பின்பற்றின. ஏ.பி.யில் ஆண்டு முழுவதும் படித்ததன் பயன் ஒரு நாள் தேர்வில் தங்கியிருக்க, இரட்டைச் சேர்க்கையில் பருவம் முழுவதும் செய்த வேலைக்கே மதிப்பெண் கிடைக்கிறது. தேர்வு நாளில் பதறும் இயல்புள்ள மாணவருக்கு இது உகந்தது. ஆனால் அந்த மதிப்பெண் கல்லூரியின் நிலையான பதிவேட்டில் ஏறிவிடுகிறது. பதினாறு வயதில் ஆயத்தமின்றி எடுத்துத் தவறிய பாடம், பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கோ ஆய்வுப் படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போதும் உடன்வரும்.

இவ்விரண்டுக்கும் அப்பாலும் வழி உண்டு. வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில் 1980இல் தொடங்கிய அறிவியல் கணித உண்டுறைப் பள்ளி, 2008 முதல் தம் ஊர்ப் பள்ளியிலேயே படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் இணையவழியில் தன் பாடங்களைக் கற்பிக்கிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் யூ.சி. ஸ்கவுட் திட்டம் ஏ.பி. பாடங்களை இணையத்தில் தருகிறது. ஸ்டான்ஃபோர்டு ஆன்லைன் பள்ளியில் நுண்கணிதத்தை முடித்தவர்கள் நேரியல் இயற்கணிதம், பல மாறிகளின் நுண்கணிதம் என்று மேலே செல்கின்றனர்.

தேர்ந்துகொள்ளும் முறை

கதவுகள் இத்தனை திறந்திருப்பதே சில மாணவர்களுக்கு இடராகவும் முடிகிறது. உயர்மட்டப் பாடங்களின் எண்ணிக்கையே தகுதியின் அளவுகோல் என்று கருதி ஐந்தாறு ஏ.பி. பாடங்களை ஒரே ஆண்டில் அள்ளிக்கொள்ளும் மாணவர் ஒன்றிலும் ஆழம் காணாமல் போகிறார். பாடத்தைத் தேர்வதற்கு முன் நான்கு வினாக்களுக்கு நேர்மையாக விடை காண வேண்டும்.

முன்தேவைப் பாடம் உறுதியாகக் கைவந்திருக்கிறதா என்பது முதல் வினா. முந்தைய ஆண்டின் இறுதித் தேர்வுத்தாளை முன்தயாரிப்பின்றி மீண்டும் எழுதிப் பார்த்தாலே இதற்கு விடை கிடைத்துவிடும். தொடர்ச்சி எங்கே போகிறது என்பது இரண்டாவது. ஏ.பி. நுண்கணிதத்தில் ஏ.பி. (AB), பி.சி. (BC) என்று இரு பிரிவுகள் உள்ளன, பி.சி. பிரிவு முதற்பிரிவின் பாடங்கள் முழுவதையும் உள்ளடக்கி, முடிவிலாத் தொடர் போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் தொடங்கியவரா, ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியவரா என்பதைப் பொறுத்து நான்காண்டு வரிசையையும் முன்பே வரைந்துகொள்ள வேண்டும். வாரத்தில் அதற்கு உண்மையாகவே நேரம் இருக்கிறதா என்பது மூன்றாவது. மேலே காட்டிய மணிக்கணக்கே இதற்கு உதவும். எந்தக் கல்லூரிகளை நாடுகிறார், அவை எதற்கு மதிப்பளிக்கின்றன என்பது நான்காவது. பள்ளிக்கு முறையான அங்கீகாரம் உண்டா என்பதையும் இத்தோடு கேட்டறிய வேண்டும். காக்னியா போன்ற அங்கீகார அமைப்புகளின் ஒப்புதல் இல்லாத பள்ளியின் மதிப்பெண் பட்டியலை மற்றப் பள்ளிகளும் கல்லூரிகளும் ஏற்காமற்போக நேரும்.

நடைமுறையில் இணையவழி மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். பாடம் இணையத்தில் நடந்தாலும் ஏ.பி. தேர்வைப் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கு நேரில் சென்றே எழுத வேண்டும். 2025 முதல் பெரும்பாலான தேர்வுகள் கணினிச் செயலியில் நடந்தாலும் இவ்விதி மாறவில்லை. தம் ஊரில் எந்தப் பள்ளி வெளிமாணவரை ஏற்கும் என்று கேட்டறிந்து, மே மாதத் தேர்வுக்கு முந்தைய ஆண்டின் நவம்பர் மாதத்துக்குள்ளேயே பதிந்துகொள்ள வேண்டும். நன்கு படித்த மாணவர் தேர்வெழுத இடமின்றி நிற்பது தவிர்க்கக்கூடிய இழப்பு. கோடை முடிந்தவுடன் ஒரு தொலைபேசி அழைப்பு அதைத் தவிர்த்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு உரிய படிப்பினை

இச்செய்திகள் தமிழ்நாட்டுக்கு அயலானவையல்ல. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டப்படிப்பு, ஜே.இ.இ. தேர்வின்றியே மாணவரைச் சேர்க்கிறது; ஆனால் நான்கு வாரப் பாடங்களை இணையத்தில் படித்து, வாராந்தர ஒப்படைவுகளில் வேண்டிய அளவு மதிப்பெண் பெற்று, பின்னர் நேரில் வந்து தகுதித் தேர்வில் தேறியவருக்கே இடம். ஒருவர் ஆயத்தமாக இருக்கிறாரா என்பதைப் படிக்கவைத்தே அறியும் இந்த ஏற்பாடு, மேலே கண்ட ஆய்வுகளின் படிப்பினையைச் செயலில் காட்டுகிறது. பதினொன்றாம் வகுப்பை முடித்த மாணவரும் இத்தகுதித் தேர்வுக்கு முயலலாம் என்பதால், மேல்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே உயர்மட்டப் பாடத்தைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு சிற்றூர் மாணவருக்கும் கிட்டியிருக்கிறது. 1989இல் அமைந்த தேசியத் திறந்தநிலைப் பள்ளி, தேர்வுப் பாடங்களை ஐந்தாண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக முடிக்க இடந்தருகிறது; விளையாட்டுக்காகவோ கலைக்காகவோ நோயாலோ வழக்கமான பள்ளிக்குச் செல்ல இயலாதவருக்கு அது பெருந்துணை.

மூரின் கோட்பாட்டுக்கும் இங்கேயே சான்று கிடைக்கிறது. தமிழ்நாடு அரசு 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் பாடங்களை வீடுதோறும் கொண்டுசென்றது. கட்டமைப்பு அதில் நிறைந்திருந்தது, மாணவர் திரும்பிக் கேட்க வழியில்லை. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் தெருவிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளோடு அமர்ந்து, இல்லாமற்போன அந்த உரையாடலை ஈடுசெய்தனர். உயர்மட்டப் பாடங்களுக்கும் இத்தகைய அருகிருப்பு வேண்டும். இணைய வசதியுள்ள ஒரு நூலக அறை, வாரம் இருமுறை அங்கு வந்து அமரும் ஒரு பெரியவர், ஒரே பாடத்தை எடுத்திருக்கும் மூன்று நான்கு மாணவர்கள் என்ற அளவில் ஊர்தோறும் ஏற்பாடு செய்வது நிதிச்சுமை மிகுந்த செயலன்று.

முடிவுரை

இணையவழி உயர்நிலைப் பள்ளியின் வெற்றியை மாணவரின் மனவுறுதி ஒன்றை மட்டும் வைத்து விளக்குவது அநீதியாகும். பதினைந்து வயதில் முழுத் தன்னாட்சி பெற்றவர் அரியர். மற்ற எல்லோருக்கும் நேரத்தை வகுத்துத் தரும் அட்டவணையும், வாரந்தோறும் கேட்கும் ஒருவரும், புரியாததைப் புரியாதது என்று காட்டித்தரும் ஆசிரியரும் தேவை. இவற்றை அமைத்துத் தருவது பள்ளியின் கடமை, அரசின் கடமை, இல்லாத இடத்தில் குடும்பத்தின் கடமை. இவை அமைந்தபின், அடுத்த படிக்கு ஆயத்தமாக நிற்கும் ஒரு மாணவரிடம் உன் ஊரில் இப்பாடம் இல்லை என்று சொல்வதற்கு எந்தப் பள்ளிக்கும் இனி நியாயமில்லை. சேர்ந்தவர் எண்ணிக்கையைக் கொண்டு பெருமைப்படுவதை விட்டு, முடித்தவர் எத்தனை பேர், முடித்தபின் அடுத்த பாடத்தில் நிலைத்தவர் எத்தனை பேர் என்று கணக்கிடத் தொடங்கும் நாளிலிருந்தே இணையவழிக் கல்வி தன் வாக்கைக் காப்பாற்றத் தொடங்கும்.